பில்தாத்தின் வசனம்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எங்கள் பக்கத்துச் சபைகளில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கிடைக்கும். தட்டில் குப்புற அடுக்கி வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம், பிறகு ஓர் அட்டை. ஒரு பக்கம் அருவியோ ரோஜாவோ சூரிய உதயமோ, மறுபக்கம் வசனம். அதுதான் அந்த வருஷத்துக்குக் கடவுள் நமக்குத் தந்த வாக்கு. எடுத்த வசனம் பிடிக்காமல் போனால் சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கிறவர்களும் உண்டு. கர்த்தர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

அந்தத் தட்டில் எல்லோருக்கும் பிடித்த அட்டை ஒன்று உண்டு: யோபு 8:7. தொடக்கம் சிறியதாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்பது அதன் பொருள். நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கம் போனால் இந்த வசனம் மளிகைக்கடைப் பலகையில் இருக்கும், வேனின் பின்கண்ணாடியில் இருக்கும், வீடு பிரதிஷ்டை அழைப்பிதழில் இருக்கும். கல்யாணப் பத்திரிகையின் தலைப்பிலும் பார்த்திருக்கிறேன். புதிதாகத் தையல்கடை போடுகிற பெண்ணுக்கும் வெளிநாட்டுக்கு முதன்முதலாக விமானம் ஏறுகிற பையனுக்கும் நம் வாயில் முதலில் வருவது இதுதான்.

இதைச் சொன்னது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சொன்னவர் பில்தாத், யோபுவின் மூன்று நண்பர்களில் ஒருவர்.

யோபு அப்போது இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். ஏழு மகன்கள், மூன்று மகள்கள். பத்துப் பேரும் ஒரே வீட்டில் விருந்துக்குக் கூடியிருந்த நேரத்தில் வனாந்தரத்திலிருந்து பெருங்காற்று அடித்து வீடு இடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். ஆடு, ஒட்டகம், ஏர்மாடு, கழுதை எதுவும் மிஞ்சவில்லை. உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை கொப்புளம். சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத்துண்டால் சுரண்டிக்கொண்டிருக்கிற அந்த மனிதனிடம்தான் பில்தாத் பேசுகிறார். எட்டாம் அதிகாரத்தில் வாயைத் திறந்ததும் அவர் என்ன சொல்கிறார்? நம் அட்டை வசனத்துக்கு மூன்று வசனம் மேலே, நான்காம் வசனத்தில் இருக்கிறது: உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதன் பலனைக் கடவுள் அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். பத்துப் பிள்ளைகளைப் புதைத்த தகப்பனின் முகத்துக்கு நேரே சொல்கிறார். அடுத்து, நீ மட்டும் சுத்தமாக இருந்து கெஞ்சினால் அவர் உன்னைத் தூக்கி நிறுத்துவார் என்று நிபந்தனை போடுகிறார். அந்த நிபந்தனையின் வால்தான் நாம் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிற ஏழாம் வசனம்.

புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கடவுள் இந்த நண்பர்கள்மேல் கோபப்படுகிறார். என்னைப்பற்றி யோபு பேசியதுபோல நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று அவர்களில் ஒருவரான எலிப்பாசிடம் சொல்லி, ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் கொண்டுபோய்ப் பலியிடச் சொல்கிறார். போதாததற்கு, யோபு உங்களுக்காக ஜெபம் செய்தால்தான் விடுவேன் என்கிறார். ஆக, வேதாகமமே தவறென்று தீர்ப்பளித்த பேச்சிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, ரோஜாப்பூ போட்டு, கடவுளின் வாக்கு என்று வருஷா வருஷம் வீட்டுக்கு எடுத்துப் போகிறோம்.

பில்தாத் தனியாள் இல்லை. நீ ஒரு காரியத்தை நிர்ணயித்தால் அது நிலைக்கும், உன் பாதையில் வெளிச்சம் வீசும் என்கிற பொருளில் இன்னொரு வசனம், யோபு 22:28. பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் விசாவுக்குக் காத்திருப்பவர்களுக்கும் ரொம்பப் பிரியமானது. அது எலிப்பாஸ் பேசியது. அதே அதிகாரத்தின் மேல்பகுதியில் அவர் யோபுமேல் ஒரு குற்றப்பத்திரிகை வாசிக்கிறார்: நீ தாகத்தால் தவித்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, விதவைகளை வெறுங்கையாக அனுப்பினாய், அநாதைகளின் கையை முறித்தாய். இதில் ஒன்றுக்குக்கூட ஆதாரம் இல்லை. யோபு உத்தமன் என்று முதல் அதிகாரத்திலேயே கடவுள் வாயால் கேட்டுவிட்ட நமக்கு அது தெரியும். எலிப்பாசுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கணக்கு: துன்பம் வந்திருக்கிறது, ஆகவே தப்பு நடந்திருக்கிறது. தப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, ஒன்றை உண்டாக்கிவிடலாம்.

நண்பர்கள் சொன்னதெல்லாம் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. எலிப்பாஸ் ஐந்தாம் அதிகாரத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் வேத வாக்காகவே எடுத்தாளுகிறார். ஞானிகள் தங்கள் தந்திரத்திலேயே சிக்குவார்கள் என்பது பற்றியது. தனியாக எடுத்துப் பார்த்தால் நண்பர்களின் பேச்சில் பாதிக்குமேல் சங்கீதத்திலும் நீதிமொழிகளிலும் இருக்கிற விஷயம்தான். எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகவும் கலக்கம் தருவதும் அதுதான். தப்பான உபதேசம் செய்து அவர்கள் கெடவில்லை. ஞாயிறு பள்ளியில் முதல் பரிசு வாங்கக்கூடிய உபதேசத்தைச் சாம்பலில் கிடந்தவன்மேல் பிரயோகித்துக் கெட்டார்கள்.

எங்கள் தெருவில் புதன்கிழமை இரவு வீட்டுக்கூட்டம் உண்டு. வீட்டுக்கு வீடு மாறும். ஹாலில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிப் பாய் விரித்து, இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், வேதபாடம், கடைசியில் டீயும் மிக்சரும். ஒரு லெந்து காலத்தில் யோபு புத்தகத்தை எடுத்துக்கொண்டோம். முதல் வாரம் முதல் இரண்டு அதிகாரம் சுறுசுறுப்பாகப் போனது. கதை இருக்கிறதே. இரண்டாம் வாரம் கூட்டம் நடத்துகிறவர், "மூன்றிலிருந்து முப்பத்தேழு வரைக்கும் எல்லாம் ஒரே பேச்சுதான், நேரே முப்பத்தெட்டுக்குப் போயிரலாமா?" என்றார். பலருக்குச் சம்மதம். நேரம் மிச்சம்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "நாப்பத்திரெண்டு அதிகாரத்துல முப்பத்தஞ்ச வுட்டுட்டா அது என்ன படிப்பு, சார்? வரவு செலவு எழுதாம நேரா இருப்பு எவ்வளவுன்னு கேக்கற மாதிரிலா இருக்கு" என்றார். அடுத்த வாரம் எல்லோருக்கும் ஆளுக்கொரு பென்சில் வாங்கி வந்துவிட்டார். அவர் சொன்ன முறை எளிது. ஒவ்வொரு அதிகாரத்தின் ஓரத்திலும், பேசுகிறவர் பெயரின் முதலெழுத்தைப் போடவேண்டும். யோபுவுக்கு யோ, எலிப்பாசுக்கு எ, பில்தாத்துக்குப் பி, சோப்பாருக்குச் சோ, எலிகூவுக்கு எலி. கடைசிப் பெயருக்கு எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் போட்டோம்.

அந்தப் பென்சில் செய்த வேலையை எந்த விளக்கவுரையும் எனக்குச் செய்ததில்லை. ஓரத்தில் எழுத்துகள் ஏற ஏற, வாக்குவாதத்தின் உருவம் கண்ணுக்குத் தெரிந்தது. நண்பர்கள் முறை வைத்துப் பேசுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் யோபு பதில் சொல்கிறார். முதல் சுற்றில் எலிப்பாஸ் பதமாகத்தான் தொடங்குகிறார். இரண்டாம் சுற்றில் சூடு ஏறுகிறது. மூன்றாம் சுற்றில் பில்தாத்திடம் சரக்குத் தீர்ந்துவிடுகிறது: இருபத்தைந்தாம் அதிகாரம் மொத்தமே ஆறு வசனம். சோப்பார் மூன்றாவது முறை எழுந்திருக்கவே இல்லை. யோபு மட்டும் முப்பத்தோராம் அதிகாரம் வரைக்கும் விடாமல் பேசுகிறார். அதற்குப் பிறகு இளைஞன் எலிகூ எங்கிருந்தோ வந்து ஆறு அதிகாரம் பேசித் தீர்க்கிறான். அவனுக்குக் கடவுளும் பதில் சொல்வதில்லை, யோபுவும் பதில் சொல்வதில்லை. ஒவ்வொரு சபைக் கமிட்டியிலும் அப்படி ஒருவர் உண்டு.

வசனத்தைத் தனித்தனியாகப் பிய்த்தெடுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஓரளவுக்கு அச்சகத்திலிருந்து என்பேன். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் காலத்தது. எபிரெய வேதத்தில் வசன முடிவுக்குக் குறிகள் பழங்காலத்திலேயே இருந்தாலும், எண்கள் பின்னால் வந்தவை. புதிய ஏற்பாட்டுக்கு நாம் இன்று பயன்படுத்தும் வசன எண்கள் அச்சுக்காரர் ராபர்ட் எஸ்தியேன் 1551இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் வந்தவை. தமிழுக்கு வேதாகமம் வந்து சேர்ந்தபோது எண்களோடுதான் வந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்து 1719இல் இறந்துபோனார். யோபு அவர் கைக்கு வரவில்லை. மீதியை முடித்தவர் சூல்ட்சே. நம் பாட்டிமார் மனப்பாடம் செய்த தமிழ் அதற்கு வெகுகாலம் பின்னால், 1871இல் பவர் ஐயர் குழுவின் திருத்தத்தில் அமைந்தது. எண் இல்லாவிட்டால் ஒரு கூட்டத்தில் எல்லோரும் ஒரே இடத்தைத் திறக்க முடியாது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எண் போட்டதும் ஒவ்வொரு வசனமும் தனித்தனிச் சரக்காக விலைபோகத் தொடங்கியது. பில்தாத்தின் வாயிலிருந்து வந்தது என்கிற முகவரி கழன்று விழுந்து, 8:7 என்கிற எண் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இன்னோர் அட்டை. எரேமியா 29:11, உங்கள்மேல் நான் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு என்கிற பொருளுடையது. இது நிச்சயமாகக் கடவுளின் வார்த்தைதான், அதில் சிக்கல் இல்லை. நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனம் எத்தனை பேருக்கு நினைவில் இருக்கும்? எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்புவீர்கள் என்கிறது அது. கடிதத்தை வாசித்துக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக ஒருவரும் ஊர் திரும்பப் போவதில்லை. அதனால்தான் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், சிறைபிடித்த அந்த நகரத்துக்காகவே ஜெபம் செய்யுங்கள் என்கிறார் எரேமியா. முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி எழுந்து, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் கூட்டத்தின் முன் முழங்குகிறான். எரேமியாவும் முதலில் ஆமென், அப்படியே ஆகட்டும் என்றுதான் சொல்கிறார். யாருக்குத்தான் ஆசையில்லை? ஆனால் அனனியா சொன்னது பொய். அவன் அந்த வருஷமே செத்துப்போகிறான். அன்றைக்கு வாக்குத்தத்த அட்டை அச்சடித்திருந்தால், எழுபதுக்கும் இரண்டுக்கும் நடுவில் எது விற்றிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

புதன்கிழமைக் கூட்டத்துக்குத் திரும்புகிறேன். இரண்டாம் அதிகாரத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு ம போட்டிருந்தோம். யோபுவின் மனைவி. அவளுக்குப் பேச்சு ஒரே வசனம்: தேவனைத் தூஷித்துவிட்டுச் செத்துப்போ என்கிற பொருளில். அந்த ஒரு வசனத்துக்காக அவள் வாங்கிய அடி கொஞ்சமில்லை. அகுஸ்தீன் அவளைப் பிசாசின் உதவியாள் என்றார். நம் கன்வென்ஷன் மேடைகளிலும் கெட்ட மனைவிக்கு உதாரணம் அவள்தான். அன்று கூட்டத்தில் ஓர் அக்கா மெதுவாகக் கேட்டார்: "செத்துப்போன பத்தும் அவ பெத்த பிள்ளைகதான, ஐயா? அவள ஒருத்தரும் வந்து பாக்கலியே?"

உண்மைதான். மூன்று நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தது யோபுவோடு. அவளோடு யார் உட்கார்ந்தார்கள் என்று புத்தகத்தில் இல்லை. எபிரெய மூலம் அவளுக்கு ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டாலும், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் அவளுக்கு நீண்ட பேச்சு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். வயிற்று நோவோடு பெற்றதெல்லாம் வீணாய்ப் போனதையும், வீடு வீடாகக் கூலிக்கு அலைகிறதையும், சூரியன் எப்போது சாயும் உடம்பைச் சாய்க்கலாம் என்று காத்திருக்கிறதையும் அவள் சொல்கிறாள். ஏதோ ஒரு பழங்காலத்து எழுத்தருக்கு அந்த அக்காவுக்குத் தோன்றியதே தோன்றியிருக்கிறது.

கடைசி அதிகாரத்தில் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைக்கிறது. ஆடு 7,000 இருந்தது 14,000. ஒட்டகம் 3,000 இருந்தது 6,000. ஏர்மாடும் கழுதையும் அப்படியே இரண்டு பங்கு. பிள்ளைகள் மட்டும் இரட்டிக்கவில்லை. மறுபடியும் ஏழு ஆண், மூன்று பெண். முதல் பத்துப் பேர் கடவுளிடத்தில் உயிரோடிருப்பதால் கணக்கு இருபதுதான் என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. எனக்கு அதைவிட எளிய காரணம் போதும்: மாட்டுக்கு மாடு ஈடாகும், பிள்ளைக்குப் பிள்ளை ஈடாகாது என்பது எழுதியவருக்குத் தெரியும். புதிய மூன்று பெண்களின் பெயர்களை மட்டும் சொல்லி, சகோதரர்களோடு அவர்களுக்கும் சொத்தில் பங்கு கொடுத்தான் என்று சொல்கிறது புத்தகம். துக்கம் அந்தத் தகப்பனை அந்த அளவுக்காவது மாற்றியிருக்கிறது. மகளுக்குச் சீரோடு கணக்கை முடித்துவிடுகிற நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்த வசனத்தையும் ஓர் அட்டையாகப் போடலாம்.

நம் ஊரில் யோபுவை அரிச்சந்திரனோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். தேவர் சபையில் ஒரு பந்தயம், பூமியில் ஒரு நல்லவன் எல்லாம் இழக்கிறான், வாக்குத் தவறாமல் நிற்கிறான். ஒற்றுமை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மயானகாண்டத்தின் முடிவில் என்ன நடக்கிறது? செத்த மகன் லோகிதாசன் எழுந்துவிடுகிறான். மனைவி சந்திரமதியின் கழுத்தில் கத்தி இறங்குவதில்லை. தேவர்கள் வந்து, இதெல்லாம் உன்னைச் சோதிக்க நடத்தியது என்று சொல்லிவிடுகிறார்கள். அழுதுகொண்டிருந்த கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். யோபுவுக்கு அது கிடைக்கவில்லை. செத்த பத்துப் பேரும் எழவில்லை. பரலோகத்தில் சாத்தானோடு நடந்த பந்தயத்தைப்பற்றிக் கடவுள் அவனிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. சாத்தான் இரண்டாம் அதிகாரத்தோடு காணாமல் போகிறான். வாசகர்களாகிய நமக்குத் தெரிந்த காரணம் யோபுவுக்குச் சாகும்வரை தெரியாது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். கன்னியாகுமரிக் கடற்கரையில் கொளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் கோயிலுக்குப் போய்வந்த கையோடு பிள்ளைகளைப் பறிகொடுத்தன. அந்த மாதங்களில் பில்தாத்துக்கு நல்ல கிராக்கி. கடற்கரையில் பாவம் பெருகிவிட்டது, குடி பெருகிவிட்டது, அதனால்தான் என்று பேசியவர்கள் எல்லா மதத்திலும் இருந்தார்கள், நம்மிலும் இருந்தார்கள். வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் தண்ணீர் வராததை அற்புதம் என்று சொன்னார்கள். கரையில் செத்தவர்களில் அந்தக் கோயிலுக்கென்றே வந்திருந்த யாத்திரிகர்கள் எத்தனையோ பேர். அந்த அற்புதத்தை அவர்கள் வீட்டாரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்த சம்பவத்தை அவரே எடுத்துச் சொல்கிறார். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா? இல்லை என்று பட்டென்று சொல்லிவிடுகிறார். நீங்கள் மனந்திரும்புங்கள் என்று கேட்டவர்கள் பக்கம் பேச்சைத் திருப்புகிறார். யோவான் 9இல் பிறவிக்குருடனைக் காட்டி, யார் பாவம், இவனா, பெற்றோரா என்று சீஷர்கள் கேட்டபோதும் இரண்டுமில்லை என்றுதான் பதில். எலிப்பாசின் கணக்கை இயேசு இரண்டு இடத்தில் நேருக்கு நேராக மறுத்திருக்கிறார். அப்படியிருந்தும் புற்றுநோய் வந்த வீட்டுக்குப் போனால், "ஏதாவது அறிக்கை செய்யாத பாவம் இருக்கான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு வருகிற ஜெபக்குழு நம்மிடம் இன்னும் இருக்கிறது.

சபை யோபுவை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆங்கிலிக்கன் அடக்க ஆராதனை முறையில் யோபுவிலிருந்து மூன்று இடங்கள் வரும். பெட்டி கோயில் வாசலுக்கு வரும்போது மீட்பரைப்பற்றிய 19ஆம் அதிகார வசனம், கொடுத்தவர் எடுத்துக்கொண்டார் என்கிற முதல் அதிகார வசனம், குழியருகில் மனுஷனின் ஆயுசு சொற்பம் என்கிற 14ஆம் அதிகாரப் பகுதி. மூன்றும் யோபு தன் வாயால் சொன்னவை, பில்தாத் பேசியது ஒன்றுமில்லை. அந்த முறையைத் தொகுத்தவர்களுக்கு யார் பேசுகிறார் என்பதில் கவனம் இருந்திருக்கிறது. ஆனால் அவர்களும் மூன்றாம் அதிகாரத்தைத் தொடவில்லை. தான் பிறந்த நாளைச் சபிக்கிற யோபு, கருவிலேயே செத்திருக்கக் கூடாதா என்று கேட்கிற யோபு, கல்லறைத் தோட்டத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. யாக்கோபு நிருபம் யோபுவின் பொறுமையைப் புகழ்ந்ததிலிருந்து நமக்கெல்லாம் அவர் பொறுமைசாலி. அந்தப் பொறுமை இரண்டு அதிகாரத்தோடு முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு இருப்பது வழக்காடுகிற மனுஷன். கடவுளைக் கூண்டில் ஏற்ற வழி தேடுகிறவன், எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மத்தியஸ்தன் இல்லையே என்று புலம்புகிறவன்.

அவன் வழக்கின் கடைசி வாதம் 31ஆம் அதிகாரம். நான் இன்னின்ன தப்புச் செய்திருந்தால் எனக்கு இன்னின்ன தண்டனை வரட்டும் என்று வரிசையாகச் சத்தியம் செய்கிறான். அதில் ஓர் இடம்: என் வேலைக்காரனோ வேலைக்காரியோ என்னோடு வழக்குக்கு வந்தபோது அதை நான் அசட்டை செய்திருந்தால், கடவுளுக்கு என்ன பதில் சொல்வேன்? என்னைக் கர்ப்பத்தில் உருவாக்கியவர்தானே அவனையும் உருவாக்கினார்? அடிமைமுறை இருந்த காலத்தில், ஒட்டகம் மூவாயிரம் வைத்திருந்த பணக்காரன் வாயில் வந்த பேச்சு இது. தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிக்காகச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். ஞானஸ்நானம் வாங்கிப் பல தலைமுறை ஆன பிறகும் மாப்பிள்ளை தேடுகிற விளம்பரத்தில் சாதியை மறக்காமல் போடுகிற சபையார் இருக்கிறார்கள். யோபு 31:15 அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை இதுவரை நான் பார்க்கவில்லை.

கடவுள் கடைசியில் பேசுகிறார். பெருங்காற்றிலிருந்து. பத்துப் பிள்ளைகளைக் கொன்றதும் பெருங்காற்றுதான் என்பதை எழுதியவர் மறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்கு அதிகாரம் நீள்கிற அந்தப் பேச்சில் யோபு கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை. பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய், நட்சத்திரக் கூட்டத்தைக் கட்ட உன்னால் முடியுமா, வரையாடு ஈனும் காலம் உனக்குத் தெரியுமா என்று கேள்விமேல் கேள்வி. தீக்கோழி வருகிறது, தன் முட்டையை மண்ணில் விட்டுவிட்டு ஓடுகிற அசட்டுப் பறவையாக. கடைசியில் லிவியாதான் என்கிற கடல்மிருகம். துக்கத்தில் இருப்பவனிடம் மிருகக்காட்சிசாலையைச் சுற்றிக் காட்டுவதுபோல இருக்கிறது என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. பெரியவன் சின்னவனை அதட்டி வாயடைக்கிறான், அவ்வளவுதான் என்கிறவர்களும் உண்டு. அந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி தந்துவிட்டது என்று நானும் சொல்லமாட்டேன்.

ஆனால் 38ஆம் அதிகாரத்தில் ஓர் இடம் என்னை நிறுத்திவிடுகிறது. மனுஷர் குடியில்லாத பூமியிலும், ஆளே இல்லாத வனாந்தரத்திலும் மழை பெய்யச் செய்வது யார் என்று கேட்கிறார் கடவுள். எங்கள் பக்கத்தில் தேரிக்காடு இருக்கிறது. செம்மணல் மேடு, முள், பனை, அங்கங்கே முந்திரி. காற்றடி காலத்தில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஐப்பசியில் அதன்மேலும் மழை பெய்யும். யாரும் விதைக்கவில்லை, யாரும் அறுக்கப்போவதில்லை, ஒரு சபையும் ஜெபம் செய்யவில்லை. பெய்கிறது. நன்மைக்குப் பலன், தீமைக்குத் தண்டனை என்கிற எலிப்பாசின் கணக்குப் புத்தகத்தில் இந்த மழையை எந்தப் பத்தியில் எழுதுவது? கடவுள் யோபுவுக்குக் காட்டுகிற உலகம் மனிதனின் கணக்குக்கு அடங்காதது. துன்பம் கணக்குக்கு வெளியே இருப்பதுபோல, கிருபையும் வெளியேதான் இருக்கிறது. இதை நான் விடையாகச் சொல்லவில்லை. எலிப்பாசின் கணக்கு தப்பு என்பதற்கு இதுவே எனக்குப் போதுமான சாட்சி.

இன்னொன்றும் உண்டு. நண்பர்கள் அத்தனை அதிகாரமும் கடவுளைப்பற்றிப் பேசினார்கள். அவரோடு ஒருவரும் பேசவில்லை. யோபு மட்டும்தான் நண்பர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடுவில் திரும்பி, நீர் ஏன் என்னை விடமாட்டேன் என்கிறீர், எச்சில் விழுங்கக்கூட நேரம் தரமாட்டேன் என்கிறீரே என்று அவரிடமே சண்டைக்குப் போகிறான். அந்தச் சண்டையைத்தான் சரியாகப் பேசினான் என்று கடவுள் தீர்ப்புச் சொல்கிறார். பெரிய வெள்ளி மூன்று மணி ஆராதனையில் நான்காம் வார்த்தையாக நாம் தியானிப்பதும் அதே சண்டைதான். சிலுவையிலிருந்து இயேசு எடுத்துக்கொண்டது 22ஆம் சங்கீதத்தின் முதல் கூக்குரல். 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிந்துபோகிறது, கடைசியில் ஸ்தோத்திரம்கூட இல்லை. இவற்றையெல்லாம் வேதாகமத்துக்குள் வைத்துக் காப்பாற்றிய ஜனங்கள், முறையிடுவதை அவிசுவாசம் என்று நினைத்திருக்க முடியாது. நாம்தான் சாட்சி நேரத்தில் சுகம் கிடைத்தவர்களை மட்டும் எழுப்பிப் பேசவைக்கிறோம். கிடைக்காதவர்கள் பாயின் கடைசியில் உட்கார்ந்து பாட்டுப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் ஐந்து நிமிஷம் கொடுத்தால் என்ன? அன்றைக்கு வேதபாடமே தேவைப்படாது.

உங்கள் சபையில் வேதபாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் லெந்து காலத்தில் யோபுவை எடுங்கள். விளக்கவுரை வேண்டாம், குறிப்பேடு வேண்டாம். 42 அதிகாரத்தையும் ஒரே ஞாயிறு பிற்பகலில் ஆள் மாற்றி ஆள் சத்தமாக வாசித்து முடித்துவிடலாம். மூன்றாம் அதிகாரத்தைச் சமீபத்தில் யாரையாவது பறிகொடுத்தவர், அவருக்கு விருப்பமிருந்தால், வாசிக்கட்டும். மனைவியின் ஒரே வசனத்தை ஒரு பெண் வாசிக்கட்டும், அது முடிந்ததும் கொஞ்சம் நிறுத்துங்கள். எலிகூவுக்கு ஆள் தேடவேண்டியதில்லை, கமிட்டியில் இருப்பார். பில்தாத்தின் பகுதியை மட்டும் ஐயரிடமே கொடுங்கள்.